அன்னாசிச் செடி தண்ணீர் இல்லாமல் எவ்வளவு தாங்கும்? ரகம் ரகமாக அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் இருக்கும் சமூகத் தோட்டத்தில் எனக்கு ஒரு பாத்தி உண்டு, வீட்டு வாசல் காரிடாரில் நாலு தொட்டியும் உண்டு. எல்லாவற்றிலும் அன்னாசிதான். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதும், தேக்கா சந்தையில் கீரை வாங்கும்போதும், டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குக் கிளம்பும் நேரத்திலும் ஒரே மாதிரிச் சந்தேகங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் எல்லாம் கேட்டவர்கள் கேட்டபடியே.

"அன்னாசிக்குத் தண்ணியே வேணாம்னு சொல்றாங்களே, நிஜமா?"

பாதி நிஜம். மற்றச் செடிகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவாகவே குடிக்கும். ஐநா உணவு வேளாண் அமைப்பு ஒவ்வொரு பயிருக்கும் ஒரு நீர்க் கணக்கு வைத்திருக்கிறது. நன்றாகத் தண்ணீர் பாயும் புல்தரைக்கு 1 என்று வைத்தால் வாழைக்கு 1.1, 1.2 என்று போகும், அன்னாசிக்கு 0.3 முதல் 0.5 வரைதான். பக்கத்துத் தொட்டியில் இருக்கும் வாழை கேட்பதில் பாதிகூட இது கேட்பதில்லை.

ஆனால் "தாங்கும்" என்ற வார்த்தையில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். உயிரோடு இருப்பது ஒன்று, வளர்வது வேறு, நல்ல பழம் தருவது அதையும் விட வேறு. மூன்று வாரம் தண்ணீர் இல்லாவிட்டாலும் அன்னாசி சாகாது, ஆனால் அந்த மூன்று வாரமும் அது வளரவும் வளராது. இந்தப் பக்கத்தில் நான் எங்கே "தாங்கும்" என்று எழுதினாலும் உயிர் தப்பும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"கள்ளிச்செடி மாதிரியா? அது எப்படித் தண்ணியைச் சேத்து வைக்குது?"

கள்ளிக்குச் சொந்தக்காரன் இல்லை, ஆனால் தந்திரம் அதேதான். சாதாரணச் செடி பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுக்கும், அப்படித் திறக்கும்போதே தண்ணீரும் ஆவியாகப் போய்விடும். அன்னாசி பகல் வெயிலில் துளைகளைப் பெரும்பாலும் மூடிவிட்டு இரவில் திறக்கும். இரவில் இழுத்த வாயுவை மாலிக் அமிலமாக்கி இலைக்குள் அடைத்து வைத்து, மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு வெயிலில் சமைக்கும். ஒரு கிராம் கரியமில வாயுவைப் பிடிக்க சாதாரணச் செடி 400, 500 கிராம் தண்ணீரை இழக்கிறது என்றால், இந்த வகைச் செடி 50 முதல் 100 கிராம்தான் இழக்கும்.

இந்த வித்தையைப் பற்றிய முதல் குறிப்புகளில் ஒன்று நம் பக்கம் வந்து வாழ்ந்த ஒருவருடையது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தரங்கம்பாடிக்கு மதப்பணிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் தாவரவியலாளராக வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, மத்தியானம் சுவையே இல்லை என்று மென்று பார்த்து எழுதினார். அது 1815இல் லண்டனில் அச்சானது. காலையில் புளித்தது அந்த இரவு அமிலம்தான். அன்னாசியிலும் அதேதான் நடக்கிறது, ஆனால் அதன் இலையை மெல்ல வேண்டாம், வாய் புண்ணாகிவிடும்.

சேமிப்புக் கிடங்கைப் பார்க்க வேண்டுமானால் அடி இலை ஒன்றை பிளேடால் குறுக்கே வெட்டி வெளிச்சத்தில் பிடியுங்கள். கீழ்ப்பாதி பச்சை, மேல்பக்கம் நுங்கு மாதிரி நிறமில்லாத ஒரு பட்டை. அதுதான் தண்ணீர்க் கிடங்கு. நன்றாக நீர் குடித்த செடியில் பட்டை தடிமனாக இருக்கும், காய்ந்த செடியில் அதுதான் முதலில் சுருங்கும். பச்சைப் பாகம் கடைசி வரைக்கும் அதை உறிஞ்சிக்கொண்டு பிழைக்கும்.

"தினமும் மழை பெய்யிற ஊர்ல வறட்சியைப் பத்தி ஏன் கவலைப்படணும்?"

வருஷத்துக்குச் சுமார் 2,100 மி.மீ. மழை பெய்யும் ஊர் இது, அன்னாசிக்கு 1,000 முதல் 1,500 வரை ஒழுங்காகக் கிடைத்தாலே போதும். தரையில் நட்டிருந்தால் பெரும்பாலான மாதங்களில் கவலையே வேண்டாம். ஆனால் இங்கேயும் காயும். 2014 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் தொடர்ந்து வறண்டு கிடந்தது. அந்த வருஷம் புல்தரை எல்லாம் வைக்கோல் நிறத்துக்குப் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம், காரிடாரில் மழையே விழாது. வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டும்போது எட்டாவது மாடித் தொட்டியில் மண் தூசியாக இருக்கும். வீவக அடுக்குமாடி வீட்டில் வளர்ப்பவர்களுக்கு வறட்சி என்பது வானத்தைப் பொறுத்தது இல்லை, குவளையைப் பொறுத்தது.

"சரி, நேரா விஷயத்துக்கு வாங்க. எந்த ரகம் வறட்சியை நல்லாத் தாங்கும்?"

இதற்குத்தான் எல்லாரும் ஒரு பேரை எதிர்பார்க்கிறார்கள். சொல்கிறேன், ஆனால் முதலில் ஒன்று. நாம் சாப்பிடும் எல்லா அன்னாசியும் ஒரே இனம், எல்லாவற்றுக்கும் மேலே சொன்ன இரவுத் தந்திரம் உண்டு. அதனால் ரகத்துக்கு ரகம் வித்தியாசம் இருந்தாலும் நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் உள்ள மாதிரி அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. வேர் நன்றாக இருக்கும் "மோசமான" ரகம், வேர் அழுகிய "நல்ல" ரகத்தை எப்போதும் ஜெயிக்கும்.

கடினத்துக்குப் பேர் போனது ஸ்பானிஷ் கூட்டம். கரீபியன் பக்கம் உள்ள ரெட் ஸ்பானிஷும், நம் ஊர்ப் பேரையே வைத்துக்கொண்டிருக்கும் சிங்கப்பூர் ஸ்பானிஷும் இதில் வரும். சிங்கப்பூர் ஸ்பானிஷை மலேசியாவில் கண்டுல் என்பார்கள், டின்னில் அடைக்கும் ரகம். அப்படியே சாப்பிட்டால் நார் நாராக இருக்கும், ஆனால் செடி முரடு.

குயீன் கூட்டத்தில்தான் மோரிஸ் வருகிறது. மொரீஷியஸ் என்பதுதான் அப்படிச் சுருங்கிவிட்டது. கேரளத்து வாழக்குளத்தில் ஏக்கர் கணக்கில் நிற்பதும் இதே மொரீஷியஸ்தான். செடி சிறிசு, இலை குறுகல், ஓரமெல்லாம் முள். சின்ன உடம்பு என்பதால் மொத்தத்தில் குறைவாகக் குடிக்கும், சின்னத் தொட்டியிலும் சமாளிக்கும். வாழக்குளத்து விவசாயிகள் கோடையில் தென்னை ஓலையைச் செடிமேல் போட்டு வெயில் மறைப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாங்கும் ரகம் என்பதற்காக அவர்கள் அதை அப்படியே வெயிலில் விட்டுவிடுவதில்லை.

ஸ்மூத் கயென் கூட்டம் ஆள் பெரிசு, இலை ஒரு மீட்டர் வரைகூடப் போகும். மலேசியாவில் சரவாக், தமிழ்நாட்டில் கியூ என்று வழங்குவது இதைத்தான். இலையில் கிடங்கு பெரிசு என்பதால் சீக்கிரம் சாகாது, ஆனால் தண்ணீர் குறைந்தால் பழத்தின் எடை சட்டென்று இறங்கிவிடும், பெரிய பழத்துக்கென்றே வளர்க்கும் ரகத்தில் அது வலிக்கும். எம்டி-2 பல கலப்புகளில் பிறந்த பிள்ளை, ஹவாயில் ஆரம்பித்து 1996 வாக்கில் சந்தைக்கு வந்து உலகத்தையே பிடித்துக்கொண்டது. அதுவும் அதே வருஷம் மலேசியாவின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி வெளியிட்ட ஜோசபினும் தீனிக்காரர்கள். ஒழுங்காக உரமும் நீரும் கொடுத்தால் அள்ளிக் கொடுக்கும், கவனிப்பை விட்டால் பழத்தில் காட்டிவிடும்.

என் காரிடார் அனுபவத்தில் மறதிக்காரர்களுக்கு மோரிஸ். தவறாமல் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு ஜோசபின்.

"சந்தையில வாங்குனது என்ன ரகம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

கடைக்காரரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார். கொண்டை இலையைத் தடவிப் பார்த்தாலும் ஓரளவு தெரியும். ஓரம் முழுக்க ரம்பம் மாதிரி முள் இருந்தால் மோரிஸாக இருக்கலாம், நுனியில் மட்டும் கொஞ்சம் முள் என்றால் எம்டி-2 அல்லது சரவாக். ஜோசபின் காயாக இருக்கும்போது கருஞ்சிவப்பாகவும் பழுத்ததும் நல்ல ஆரஞ்சுச் சிவப்பாகவும் இருக்கும், இலையிலும் ஊதாச் சாயல் ஓடும்.

"முள்ளு இருக்குற ரகம்தான் வறட்சியைத் தாங்கும்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார்."

குயீனுக்கும் ரெட் ஸ்பானிஷுக்கும் முள் உண்டு என்பதால் வந்த நம்பிக்கை. முள் மாட்டை விரட்டும், தண்ணீரைச் சேர்க்காது. இலையின் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மாவு பூசியது போல இருக்கும் பாருங்கள், அதுதான் விஷயம். அவை நுண்ணிய செதில் ரோமங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும், துளைகளை மூடி நிற்கும். முள் இல்லாத ரகத்திலும் அது இருக்கிறது. துணி துவைப்பது மாதிரி அதைத் துடைத்துப் பளபளப்பாக்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

"ஜொகூர்ல இருந்து வர்ற ரகம் அந்த வெயில்ல வளர்ந்தது, அப்போ வறட்சிக்குப் பழகியிருக்கும்ல?"

ஜொகூரில் அன்னாசி நிறைய வளர்வது கரிச்சதுப்பு நிலத்தில். அங்கே நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்கும், விவசாயியின் முக்கிய வேலையே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியேற்றுவதுதான். ஆகவே அங்கே நன்றாக வளர்வது என்பது வறட்சியைத் தாங்கியதற்கான சான்றிதழ் இல்லை.

நல்ல உதாரணம் வேண்டுமானால் நம் தீவுக்குள்ளேயே இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் கன்றுகளுக்கு நடுவில் அன்னாசியை ஊடுபயிராகப் போட்டார்கள். ரப்பர் பால் தர ஐந்தாறு வருஷம் ஆகும், அதுவரை அன்னாசி சோறு போடும். யீஷூனுக்குப் பேர் கொடுத்த லிம் நீ சூன் இந்த இரண்டு பயிரிலும் பெரிய புள்ளி, அன்னாசி ராஜா என்றே அழைக்கப்பட்டவர். வாய்க்கால் பாசனம் கிடையாது, வானம் கொடுத்ததுதான்.

"கொண்டையை நடலாமா, இல்ல பக்கக்கன்றா? எது சீக்கிரம் வேர் பிடிச்சுத் தாங்கும்?"

பக்கக்கன்று. அது பருத்து, உள்ளே சேமிப்போடு வரும், 15 மாதம் வாக்கில் பழம் கொடுத்துவிடும். கொண்டை மெதுவாகத்தான் போகும், இரண்டு வருஷம்கூட இழுக்கும். ஆனால் நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது கொண்டைதான். எனக்கு முதல் செடி வந்ததே அப்படி. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் புதுமனை புகுந்த அன்று, அதிர்ஷ்டம் உள்ளே வரட்டும் என்று வாசலில் அன்னாசிப் பழத்தை உருட்டினார். மறுநாள் பழத்தை வெட்டிவிட்டுக் கொண்டையை என்னிடம் நீட்டினார்.

அதை வாங்கிச் செருப்பு ராக்கின் பின்னால் வைத்தவன் மறந்தே போனேன். ஆறு வாரம் கழித்துத் துடைக்கும்போது கண்ணில் பட்டது. நுனியெல்லாம் பழுப்பு, அடியில் மட்டும் சோளப்பொரி நிறத்தில் நாலைந்து வேர் முனைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. மண்ணும் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. நட்டேன், பிடித்துக்கொண்டது. அதனால் வெட்டியவுடனே நட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். ஒட்டிய சதையைச் சுத்தமாக எடுத்து, அடி இலைகளை உரித்து, நிழலில் ஒரு வாரம் தலைகீழாகக் காய வைத்து நட்டால்தான் அழுகாது. வறட்சிக்கு இது பலவீனமான பருவம் என்று பயப்படுகிறோம், உண்மையில் இந்தப் பருவத்தில் அதைக் கொல்வது ஈரம்தான்.

"நாங்க ஒரு மாசம் ஊருக்குப் போறோம். செடி இருக்குமா?"

டிசம்பரில் வாரம் இரண்டு தடவை வரும் கேள்வி. வேர் பிடித்து ஆறு மாதம் தாண்டிய செடி, 30 செ.மீ. அகலத் தொட்டியில் இருந்தால், ரகம் எதுவானாலும் இருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் அடியில் தண்ணீர் ஒழுகும் வரை ஊற்றுங்கள், மண்மேல் காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ மூடாக்காகப் போடுங்கள், நேர் வெயிலிலிருந்து ஒரு அடி உள்ளே தள்ளி வையுங்கள். தட்டில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போகவே கூடாது. வேர் அழுகும், கொசுவும் முட்டையிடும், திரும்பி வரும்போது அபராதக் கடிதம் காத்திருக்கும்.

காய் பிடித்திருக்கும் செடி என்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், பத்து நாளுக்கு ஒரு தடவை ஊற்றினால் போதும். "போதும்" என்பதை அழுத்திச் சொல்லுங்கள். அன்பான பக்கத்து வீட்டுக்காரர் தினமும் ஊற்றியதில் எனக்கு இரண்டு எம்டி-2 போய்ச் சேர்ந்தன.

"தாகமா இருக்குன்னு செடி எப்படிக் காட்டும்? வாடவே மாட்டேங்குதே."

துளசி மாதிரித் தலை தொங்காது, அதுதான் சிக்கல். இலை முதலில் கரும்பச்சையிலிருந்து வெளிறும், மஞ்சளோடும், பிறகு செம்மை ஏறும். ஓரங்கள் கீழ்நோக்கி உள்ளே சுருளும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்போது செடி சில வாரமாகவே தவித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

விவசாயிகள் ஒரு இலையை வைத்துப் பார்ப்பார்கள். எல்லா இலைகளையும் கைக்குள் சேர்த்து மேலே தூக்கிப் பிடித்தால் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நீளமாக நிற்கும், அதை டி-இலை என்பார்கள். அதன் அடிப்பகுதியை விரலால் அழுத்துங்கள். தோசைக்கல் கைப்பிடி மாதிரி திண்ணென்று இருந்தால் தண்ணீர் இருக்கிறது, அட்டை மாதிரி மெலிந்து மடங்கினால் மேலே சொன்ன நுங்குப் பட்டை காலியாகிக்கொண்டிருக்கிறது.

"இலை சிவந்து நுனி காயுது. தண்ணி ஊத்தி ஊத்திப் பாத்துட்டேன், சரியாகவே மாட்டேங்குது!"

ஊற்றுவதை நிறுத்துங்கள். இது அனேகமாக வறட்சி இல்லை. வறட்சியைப் போலவே வேஷம் போடும் ஒரு நோய் உண்டு, மாவுப்பூச்சி வாடல். இலையின் அடியில், தண்டோடு சேரும் இடத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூச்சிகள் இருக்கும், அதோடு எறும்பு வரிசையும் இருக்கும். மாவுப்பூச்சி சாறு உறிஞ்சும்போது கூடவே வைரஸையும் பரப்புகிறது, வேர் செயலிழக்கிறது. வேர் இல்லாத செடிக்கு மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் அது பாலைவனத்தில் நிற்பதுதான். அதனால்தான் இலை வறட்சி நிறம் காட்டுகிறது.

பிரித்தறிய ஒரு வழி. ஒரே வரிசையில் இருக்கும் எல்லாச் செடியும் ஒரே மாதிரி வெளிறினால் வறட்சி. ஒன்று மட்டும் சிவந்து, பக்கத்துச் செடி பச்சையாக இருந்தால் பூச்சியைத் தேடுங்கள். மெல்ல அசைத்துப் பார்த்தால் நோய்ச் செடி மண்ணில் ஆடும். எறும்பைக் கட்டுப்படுத்தாமல் பூச்சியை மட்டும் துடைப்பது வீண் வேலை, ஏனென்றால் மாவுப்பூச்சியை அடுத்த செடிக்குக் கொண்டுபோய்க் குடிவைப்பதே எறும்புதான். முழுக்கச் சிவந்ததைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், அதிலிருந்து கன்று எடுக்காதீர்கள். ஸ்மூத் கயென் கூட்டம் இதற்குச் சுலபமாக மாட்டும். "சரவாக் வறட்சி தாங்கவில்லை" என்று என்னிடம் சொன்ன மூன்று பேரில் இரண்டு பேர் செடியில் எறும்பு இருந்தது.

"இலை நடுவுல தண்ணி நிக்குது. அது செடிக்கு நல்லதா, கொசுவுக்கு நல்லதா?"

இரண்டுக்கும். இலை அமைப்பே புனல் மாதிரி. பனியையும் தூறலையும் நடுவுக்கு வழித்துவிடும், இலை இடுக்கில் இருக்கும் சின்ன வேர்கள் அதைக் குடித்துவிடும். மண் காய்ந்திருக்கும்போதும் செடி பிழைப்பதற்கு இது ஒரு காரணம், ரகம் எதுவானாலும் உண்டு.

ஆனால் டெங்கிக் காலத்தில் இலை இடுக்கு நீர் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். தரையில் நட்ட செடியைக் கவிழ்க்க முடியாது, ஆகவே தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லும் பிடிஐ குருணையை நாலைந்து தூவுங்கள். அது கொசுப்புழுவைக் கொல்லும், செடியைத் தொடாது. தொட்டி என்றால் வாரம் ஒரு முறை சாய்த்துக் கொட்டிவிட்டு மண்ணுக்கு மட்டும் ஊற்றுங்கள்.

"தண்ணி குறைச்சா பழம் ரொம்ப இனிக்குமாமே?"

எப்போது குறைக்கிறோம் என்பதில் இருக்கிறது. பூவெடுத்துக் காய் பெருக்கும் மாதங்களில் குறைத்தால் பழம் கைப்பிடியளவில் நின்றுவிடும், இனிப்பும் பெரிதாகக் கூடாது, ஏனென்றால் சர்க்கரையைச் செய்ய இலைதான் வேலை பார்க்க வேண்டும். நிறம் மாறத் தொடங்கிய பிறகு, கடைசி இரண்டு மூன்று வாரம் குறைப்பதில் லாபம் உண்டு. அந்த நேரத்தில் தண்ணீர் அதிகமானால் சதை கண்ணாடி மாதிரி ஊறிப்போய்ச் சப்பென்று ஆகும்.

ரொம்பக் காயவிட்டுத் திடீரென்று குடம் குடமாக ஊற்றுவதுதான் மோசம். தோல் அதற்குள் இறுகிவிட்டிருக்கும், உள்ளே சதை வீங்கும், கண்களுக்கு நடுவில் வெடிப்பு விடும், வெடித்த இடத்தில் எறும்பு புகும். பிப்ரவரி வறட்சிக்கு அப்புறம் வரும் முதல் பெருமழையில் தோட்டத்தில் இது நடக்கும். மூடாக்கு போட்ட பாத்தியில் குறைவு.

"தண்ணி காட்டாம பட்டினி போட்டா பூக்கும்னு பாட்டி சொன்னாங்க."

மாமரத்துக்குப் பொருந்தும் வைத்தியம் அது. அன்னாசிக்குப் பூவைக் கூப்பிடுவது எத்திலீன் வாயு. 19ஆம் நூற்றாண்டில் அசோர்ஸ் தீவுகளில் கண்ணாடி வீட்டில் புகை போட்டபோது அன்னாசி எல்லாம் ஒன்றாகப் பூத்தது, காரணம் புகையில் இருந்த எத்திலீன். வீட்டில் செய்வதானால் நன்றாகப் பழுத்த ஆப்பிள் இரண்டைச் செடியின் அடியில் வைத்து, பிளாஸ்டிக் பையால் நாலைந்து நாள் மூடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் நடுவில் சிவப்பாக எட்டிப் பார்க்கும்.

பட்டினி கிடந்த செடிக்கு இதைச் செய்யாதீர்கள். பூக்கும், ஆனால் பூக்கும்போது இருக்கும் இலை எவ்வளவோ அவ்வளவுதான் பழம். முப்பது நல்ல இலையாவது வரட்டும்.

"பகல்ல மூடி ராத்திரி திறக்கும்னு சொன்னீங்க. எங்க காரிடார் சுவர் ராத்திரி பத்து மணிக்கும் சுடுதே, அப்போ?"

நல்ல கேள்வி, இதை ஒரு பள்ளிப் பையன்தான் கேட்டான். அன்னாசியின் இரவு வேலைக்குக் குளிர்ச்சி பிடிக்கும், நம் ஊரில் இரவிலும் 25 டிகிரி வாக்கில்தான் நிற்கிறது, மேற்கு பார்த்த சுவர் பக்கம் இன்னும் கூடுதல். அப்போது இரவில் பிடிக்கும் வாயுவின் அளவு குறையும்.

தண்ணீர் இருக்கும் செடி இதை ஓரளவு ஈடுகட்டும், ஏனென்றால் சாயங்கால வேளையிலும் கொஞ்ச நேரம் துளையைத் திறந்து வாயுவை இழுக்கும். வறட்சி வந்தால் முதலில் நிற்பது இந்தச் சாயங்காலக் கணக்குதான். இன்னும் காய்ந்தால் இரவிலும் திறக்காது, தான் விட்ட மூச்சையே உள்ளே பிடித்துச் சுழற்றிக்கொண்டு கிடக்கும். சாகாது, வளரவும் செய்யாது. முதல் பதிலில் சொன்ன "தாங்கும்" என்பது இந்த நிலைதான். சுடும் சுவரிலிருந்து தொட்டியை நகர்த்துவது, ரகத்தை மாற்றுவதைவிட அதிகப் பலன் தரும். தீயணைப்பு விதிப்படி நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும், அதையும் பார்த்து நகர்த்துங்கள்.

"நர்சரியில சிவப்புக் காய் அன்னாசி, வரி போட்ட இலை அன்னாசின்னு விக்கிறாங்களே, அதெல்லாம் எப்படி?"

அழகுக்கு. சிவப்புக் காய் பெரும்பாலும் பிராக்டியேட்டஸ் வகை, முள் கடுமை, தரையில் நட்டால் யாரும் கவனிக்காமலே கிடக்கும். வெள்ளை வரி போட்டதில் பச்சைப் பாகம் குறைவு என்பதால் மெதுவாக வளரும், உச்சி வெயிலில் வெள்ளைப் பாகம் கருகும்.

வறட்சியில் உண்மையான பலசாலி இவர்களின் காட்டுச் சொந்தம், அனனசாய்டஸ். தென்னமெரிக்கப் புல்வெளிகளில், தண்ணீர் நிற்காத மணலிலும் பாறை இடுக்கிலும் வளர்வது. குறுகிய நீளமான இலை, கோழிமுட்டை அளவு பழம், உள்ளே விதை. அலங்காரச் செடிக்காரர்கள் அதன் குட்டி வடிவங்களைத்தான் தொட்டியில் விற்கிறார்கள். 2015இல் அன்னாசியின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, ஸ்மூத் கயென் வகை ஒன்றையும் எம்டி-2ஐயும் மட்டும் பார்க்காமல் பிராக்டியேட்டஸ் ஒன்றையும் சேர்த்தே படித்தார்கள். சாப்பாட்டு ரகத்தில் இல்லாத குணங்களைச் சொந்தக்காரர்களிடம்தானே தேட வேண்டும்.

"பழம் வெட்டிட்டேன், இப்போ தாய்ச்செடி காயுது. தண்ணி பத்தலையா? பிடுங்கிடவா?"

தண்ணீரால் இல்லை, அது தன் வேலையை முடித்துவிட்டது. ஒரு தண்டு ஒரு தடவைதான் காய்க்கும். ஆனால் அடியில் பாருங்கள், ஒன்றிரண்டு பக்கக்கன்று வந்திருக்கும். அவை இன்னும் தாயின் பழைய வேரை நம்பித்தான் நிற்கின்றன, ஆகவே இந்தக் கட்டத்தில் வறட்சி முதல் செடியைவிட அதிகம் உறைக்கும், இரண்டாவது பழம் சின்னதாக வருவதற்கும் இதுவே ஒரு காரணம். தொட்டி என்றால் ஒரு முழ உயரம் வந்ததும் கன்றை ஒடித்துத் தனியாக நடுங்கள், ஒரு வாரம் காய வைக்க மறக்காமல். தரை என்றால் ஒரே ஒரு கன்றை மட்டும் விட்டுவிட்டு, காய்ந்த தாய் இலைகளை அதன் காலடியிலேயே மூடாக்காகப் போட்டு, மண்ணை அணைத்துவிடுங்கள். அதற்குச் சொந்த வேர் இறங்கும் வரை, என் பாத்தியில் சுமார் இரண்டு மாதம், வாரத்துக்கு ஒரு வாளி.